வானிலைப் படத்தில் இருந்த கடிகாரம்

அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்காது. நேரில் பார்த்ததில்லை. அவள் என்னை ஒன்றும் செய்துவிடவும் இல்லை. ஆனாலும் பிடிக்காது. ஒரு மராத்திச் செய்திச் சேனலில் காலையில் வானிலை சொல்ல வருகிறாள். போன மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவள் சும்மா நின்று சொல்வதில்லை. அவளுக்குப் பின்னால் மும்பை முழுவதையும் கம்ப்யூட்டரில் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். கட்டடங்கள் சுழல்கின்றன, மேகம் உருண்டு வருகிறது, யுத்தம் வரப்போகிற மாதிரி ஒரு இசை. கனமழை என்று சொல்லவேண்டிய நாளில் அவள் முழங்கால் வரைக்கும் நீலத் தண்ணீர் ஏறுகிறது. அவள் அதற்குள் நடந்து வருகிறாள். உடம்பில் ஒரு பொட்டு ஈரம் படுவதில்லை. சிரித்துக்கொண்டே நடக்கிறாள்.

எங்கள் வீட்டுக்கு வருகிற தண்ணீர் நீலமாக இருக்காது. கறுப்பாக இருக்கும், நாறும், அதில் நடக்கும்போது யாருக்கும் சிரிப்பு வராது.

மாட்டுங்காவில் சர்க்கிள் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் தரைத்தளம் எங்களுடையது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் இங்கேதான் இருக்கிறேன். எத்தனை மழை பார்த்தாயிற்று. மழை மட்டும் என்றால் எங்களுக்குப் பயம் கிடையாது. பெய்யட்டும், ஓடிவிடும். ஆனால் கடல் ஏறுகிற நேரமும் மழையும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் சாக்கடைத் தண்ணீர் கடலுக்குள் போகாது, வந்த வழியே திரும்பும். முதலில் பாத்ரூம் தரையில் தண்ணீர் போகிற ஜாலி வழியாகக் குமிழி விடும். அப்புறம் வாசல். அதனால் இந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் மழை எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள். ஹை டைட் எத்தனை மணிக்கு என்றுதான் கேட்பார்கள். மராத்திக்காரர்கள் பர்தி என்பார்கள். எல்லாம் ஒன்றுதான். அந்த நேரம் தெரிந்துவிட்டால் போதும், அரிசி டப்பாவைப் பரணில் ஏற்றலாம், ஃபிரிட்ஜை அணைக்கலாம், கட்டில் காலுக்குச் செங்கல் வைக்கலாம்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. அவரை நாற்காலியோடு தூக்கி முதல் மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் வந்த பிறகு அது முடியாது, படிக்கட்டு அடியில் சேறாகிவிடும். வருவதற்கு முன்னால் ஆள் கூப்பிட வேண்டும். கோயில் பக்கத்துப் பூக்கடைக்காரர்கள் நாலு பேர் வருவார்கள், நம் ஊர்க்காரர்கள், கூப்பிட்ட குரலுக்கு வருகிறவர்கள்தான். ஆனால் அவர்களுக்கும் வியாபாரம் இருக்கிறது. இன்ன நேரத்துக்கு என்று சொன்னால்தானே வரமுடியும்.

அவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு கிளியரிங் ஆபீசில் கணக்குப் பிரிவில் இருந்தவர். வாழ்நாள் முழுக்க எண்ணையும் எழுத்தையும் பார்த்துச் சோறு தின்றவர். அந்த ஒரு நாளில் பேச்சு போயிற்று, வலது பக்கம் போயிற்று, கூடவே எழுத்தும் போயிற்று. பேப்பரைக் கொடுத்தால் வாங்கிப் பார்ப்பார், தமிழ் எது இங்கிலீஷ் எது என்பதுகூடப் பிடிபடாது. எண்களும் அப்படித்தான். நாம் சொல்வதெல்லாம் புரியும், அதில் ஒரு குறையும் இல்லை. அதுதான் கொடுமை. ஒன்றும் புரியாமல் போயிருந்தால் அவராவது நிம்மதியாக இருந்திருப்பார்.

ஒன்று மட்டும் தப்பித்தது. முள் வைத்த கடிகாரம். சுவரில் தொங்குகிற பழைய கடிகாரத்தைப் பார்த்து மணி என்ன என்று அவரால் காட்ட முடிந்தது. டாக்டரே ஆச்சரியப்பட்டார், மூளையில் அது வேறு ஒரு மூலையில் இருக்கும்போல.

அந்தச் சேனலில் முன்பு இருந்த வானிலைப் படத்தைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடப் பையன் வரைந்தது மாதிரி இருக்கும். ஒரு வரைபடம், ஒரு மேகம், கீழே நாலு கோடு மழை. வலது ஓரத்தில் ஒரு அலை, அதன்மேல் அம்புக்குறி. அலைக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு கடிகாரம், சின்ன முள், பெரிய முள். இன்றைக்கு ஹை டைட் எப்போது என்று அந்த முள் காட்டும். அசையாமல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். யார் யோசித்து வைத்தார்களோ, நன்றாக இருக்கட்டும்.

பக்கவாதம் வந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் இடது கையைத் தூக்கி விரல்களை விரித்தார், மூடினார், மறுபடி விரித்தார், அப்புறம் ஒரு விரலை மட்டும் காட்டினார். தண்ணீர் கேட்கிறாரோ என்று நினைத்து டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடினேன். தலையை ஆட்டி டிவியைக் காட்டினார். பதினொன்று. அன்றைக்கு ஹை டைட் பதினொரு மணிக்கு.

அன்றிலிருந்து அது அவருடைய வேலை ஆயிற்று. மழைக்காலம் நாலு மாதமும் காலையில் முகம் துடைத்துவிட்டதும் நாற்காலியை டிவி பக்கம் திருப்பச் சொல்லி ஜாடை காட்டுவார். கையை முழுதாக விரித்தால் ஐந்து, இரண்டு தரம் விரித்தால் பத்து, மிச்சத்துக்குத் தனி விரல். அரை என்றால் கடைசி விரலை மடக்குவார். நான் வேண்டுமென்றே டிவியைப் பார்க்காமல் சமையலறையில் இருப்பேன். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டும் என்று வைத்துக்கொண்டேன். உண்மையாகவே அவர் சொல்லித்தான் தெரிந்தது.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறாள். தாராவியில் பிறந்து வளர்ந்தவள், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவள் வீடு எங்கள் வீட்டைவிடப் பள்ளம். வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்பாள்.

"ஐயா, இன்னைக்கு எத்தனை மணிக்கு?"

இவர் கையைக் காட்டுவார். அவள் உடனே வீட்டுக்குப் போன் போடுவாள். "ஏட்டி, ஐயா பன்னெண்டுன்னு சொல்லுதாவ. துணி மூட்டையத் தூக்கிப் பரண்ல போடு. பக்கத்து வீட்லயும் சொல்லிரு."

பக்கத்து வீடு அடுத்த வீட்டுக்குச் சொல்லும். கொஞ்ச நாளில் அந்தச் சந்து முழுக்க "மாட்டுங்கா ஐயா" சொன்ன நேரத்துக்குச் சாமானை ஏற்ற ஆரம்பித்துவிட்டது. அவர்களிடம் போன் இல்லாமல் இல்லை. போனில் மழை பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள், பாதி புரளி. இவர் சொல்வது ஒரே ஒரு நேரம், அது தப்பாது. இதைக் கேட்டபோது இவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆபீசில் பிரமோஷன் வந்த அன்றைக்குக்கூட அப்படி இருந்ததில்லை. சட்டை போட்டுவிடச் சொல்லிக் கேட்பார். பனியனோடு டிவி முன்னால் உட்கார மாட்டார். டியூட்டி அல்லவா.

அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

போன வருஷம் ஜூன் தொடக்கத்தில் "புதிய தோற்றம்" என்று ஒரு வாரம் தம்பட்டம் அடித்தார்கள். அந்த நாளும் வந்தது. இவர் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டடங்கள் சுழன்றன, மேகம் உருண்டது, கண்ணாடியில் மழை வழிகிற மாதிரி டிவி முழுக்கச் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அந்தப் பெண் வந்தாள், நடந்தாள், கையை வீசினாள், போனாள். அலையும் இல்லை, அம்புக்குறியும் இல்லை, கடிகாரமும் இல்லை. ஹை டைட் நேரம் இருந்தது, இல்லை என்று சொல்லக்கூடாது. கீழே ஓடுகிற வரியில், பங்குச் சந்தைக்கும் யாரோ மந்திரியின் பேச்சுக்கும் நடுவில், ரயில் போகிற வேகத்தில் எழுத்தாக ஓடியது. அந்தப் பெண் வாயைத் திறந்து அதைச் சொல்லவே இல்லை. "வெளியே போகும்போது குடையை மறக்காதீர்கள்" என்று சொன்னாள். மும்பையில் ஜூன் மாதத்தில் குடையை யார் மறப்பார்கள்.

விளம்பரம் வந்த பிறகும் இவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கை பாதி தூக்கினபடி இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார். நான் ரிமோட்டை எடுத்து ஹிந்திச் சேனல், இங்கிலீஷ் சேனல் எல்லாம் மாற்றினேன். எல்லா இடத்திலும் இதே கூத்து. தமிழ்ச் சேனல்களில் சென்னைக்கு எந்தத் தெருவில் தூறல் என்றுகூடச் சொல்கிறார்கள், பம்பாய் என்று ஒரு ஊர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

"நாளைக்கு வரும்னா, இன்னிக்கு முதல் நாள் இல்லையா, மறந்திருப்பா" என்று சொன்னேன். மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

என் மகன் செம்பூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வருவான். அவனிடம் சொன்னேன்.

"அம்மா, ஆப்ல எல்லாம் இருக்கே. நீ எதுக்கு டிவியைக் கட்டிண்டு அழறே?"

"எனக்குத் தெரிஞ்சா போறாதுடா. அப்பாவுக்குத் தெரியணும்."

"அப்பாவுக்கு எதுக்கும்மா இந்த டென்ஷன் எல்லாம்? அவர் பாட்டுக்கு ரெஸ்ட் எடுக்கட்டும்."

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நல்ல பிள்ளைதான், மாதாமாதம் மருந்து எல்லாம் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். ஆனால் அந்த நிமிஷம் அவனை ஓர் அறை விட வேண்டும்போல இருந்தது. என் போனில் ஏதோ இறக்கிக் கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனான்.

சேனலுக்கே போன் செய்தேன். பாட்டுக் கேட்கவைத்தார்கள், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றார்கள். கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். ஹிந்தியில் பொறுமையாகச் சொன்னேன். வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார், எழுத்து படிக்க வராது, அந்தக் கடிகாரம் மட்டும் வேண்டும், ஓர் ஓரத்தில் வைத்தால் போதும்.

"மேடம், பழைய கிராபிக்ஸ் ரொம்ப ஓல்டா இருந்தது. பார்க்கறவங்களுக்குப் புதுசுதான் பிடிச்சிருக்கு" என்றாள்.

"நானும் பார்க்கிறவள்தானே அம்மா" என்றேன்.

"உங்க ஃபீட்பேக்கை நோட் பண்ணிட்டேன் மேடம்."

"என்னவென்று நோட் பண்ணினாய், படித்துக் காட்டு" என்றேன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய. சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறாள்.

அப்புறம் நானே ஒரு காரியம் செய்தேன். அட்டையை வட்டமாக வெட்டி, முள் வைத்து, கடிகாரம் மாதிரி செய்தேன். போனில் நேரத்தைப் பார்த்து முள்ளைத் திருப்பி அவர் முன்னால் நீட்டினேன். பார்த்தார். அட்டையைப் பார்த்தார், என் இன்னொரு கையில் இருந்த போனைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது என்றால் அவர் சொல்வதற்கு என்ன இருக்கிறது? குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது காக்கா காட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. கணக்குப் பார்த்தவர் அவர், எது வேலை, எது விளையாட்டு என்று தெரியாதா? அட்டையை அன்றைக்கே குப்பையில் போட்டேன்.

ஜூலை வந்தது. தாராவிப் பெண்ணும் நானும் சமையலறையில் கிசுகிசுவென்று பேச ஆரம்பித்தோம். நான் போனைப் பார்த்து, "ரெண்டரைக்கு" என்பேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போன் போடுவாள். இவர் காதில் விழக்கூடாது என்று. வந்ததும் அவரிடம் கேட்பதை அவள் நிறுத்திவிட்டாள்.

"கேட்டா ஐயா மனசு சங்கடப்படும், மாமி" என்றாள்.

கேட்காததும் சங்கடம்தான். ஒரு வீட்டில் ஒருவருக்குத் தெரியாமல் இரண்டு பேர் பேசினால், பேச்சு இல்லாதவனுக்குத்தான் அது நன்றாகக் கேட்கும். இவர் சட்டை போடச் சொல்வதில்லை. நாற்காலியை டிவிப் பக்கம் திருப்பினால் முகத்தைச் சுளித்தார். சமையலறைக்குப் போகிற வழியில் தமிழ்த் தேதிக் காலண்டர் மாட்டியிருக்கிறது, அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார். சரி, எங்களைப் பார்த்துக்கொண்டிருக்க ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன்.

அமாவாசைக்கு முதல் நாள் மழை பிடித்துக்கொண்டது. என் மகன் ஆபீசிலிருந்து செம்பூர் போக வழியில்லாமல் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டான். காலையில் பார்த்தால் மழை இன்னும் வலுத்திருந்தது. டிவியில் அந்தப் பெண் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். மூன்று நாளாகவே இடுப்பளவில்தான் நின்றுகொண்டிருந்தாள், அதனால் யாரும் சட்டை செய்யவில்லை. தாராவிப் பெண் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தாள். நான் காலண்டர் தாளைக் கிழித்தேன்.

கிழித்ததும் இவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். தாளில் தேதிக்குப் பக்கத்தில் கறுப்பு வட்டம் இருந்தது. அமாவாசைக்குக் கறுப்பு வட்டம், பௌர்ணமிக்கு வெள்ளை வட்டம். அதற்குப் படிக்கத் தெரியவேண்டாம். வருஷக்கணக்கில் அமாவாசைக்கு அமாவாசை தர்ப்பணம் பண்ணியவருக்கு அந்த வட்டம் மறக்குமா? அமாவாசையும் பௌர்ணமியும் என்றால் பம்பாயில் கடல் உச்சிப்பொழுதை ஒட்டித்தான் ஏறும். துறைமுகத்து ஆட்களோடு பழகி அவர் தெரிந்துகொண்டது, கல்யாணமான புதிதில் எனக்கே சொல்லியிருக்கிறார். இத்தனை நாளும் காலண்டரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது இதற்காகத்தான்.

இடது கையைத் தூக்கினார். விரித்தார், மூடினார், விரித்தார். அப்புறம் இரண்டு விரல்.

அவள்தான் முதலில் பார்த்தாள். "மாமி, ஐயா பன்னெண்டுன்னு சொல்லுதாவ" என்று சொன்னாள். உடனே போனை எடுத்தாள். வாயை மூடிக்கொள்ளவில்லை, நடு ஹாலில் நின்று சத்தமாகப் பேசினாள். "ஏட்டி, ஐயா சொல்லிட்டாவ. பன்னெண்டு. எல்லாருக்கும் சொல்லிரு."

எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு பூக்கடைக்கு ஆள் அனுப்பினேன். பெட்டியிலிருந்து இவர் சட்டையை எடுத்தேன். கையை நீட்டிக் கொடுத்தார், போட்டுக்கொண்டார்.

பூக்கடைக்காரர்கள் வந்தார்கள். நாற்காலியின் நாலு பக்கமும் பிடித்தார்கள். அவர்களில் பெரியவர், முன்பெல்லாம் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"மாமா, எத்தனை மணிக்கு?"

இவர் கையைத் தூக்கினார். ஒரு தரம் விரித்தார். மூடினார். அதற்குள் என் மகன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"பன்னெண்டே முக்கால்."

பூக்கடைக்காரர் அவன் பக்கம் திரும்பினார். தாராவிப் பெண் என்னைப் பார்த்தாள்.

"தாராவிக்குப் பன்னெண்டுன்னு சொல்லியாச்சா? இல்லை, முக்கால் மணி லேட்" என்றான் என் மகன். அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். அவன் சொன்னது சரியும்கூட. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. தப்பாகச் சொல்லியிருந்தால் வாயில் வந்தபடி திட்டியிருப்பேன். தண்ணீர் என்ன கடிகாரம் பார்த்துக்கொண்டா வரும், பன்னிரண்டுக்குள் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள், மழை அடித்துக்கொண்டிருந்தது, அவர் கை அந்தரத்தில் இருந்தது.

அந்தக் கையை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். தூக்கினார்கள்.

மாடி வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். ஹாலில் இடம் ஒழித்து வைத்திருந்தார்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் இப்போது எங்கள் சர்க்கிளையே கட்டி வைத்திருந்தாள், மரம், பாலம் எல்லாம் அப்படியே. அதற்குள் நீலத் தண்ணீர் சுழன்று சுழன்று ஏறியது.

"எவ்வளவு தத்ரூபமா காட்டறா பாருங்கோ, நேர்ல பாக்கற மாதிரியே இருக்கு" என்றாள் மாடி வீட்டு அம்மாள். கீழே எட்டிப் பார்த்தால் நேரிலேயே தெரியும், சன்னல் திறந்துதான் இருந்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை, எனக்குத் தெரியும்.

அன்றைக்கு வீட்டுக்குள் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் வந்தது. சாயங்காலம் வடிந்தது. அரிசி நனையவில்லை, மருந்து நனையவில்லை, ஃபிரிட்ஜுக்கு ஒன்றும் ஆகவில்லை. தாராவியிலும் யாருக்கும் ஒன்றும் போகவில்லை. நாலு பேரிடம் கேட்டால் எல்லாம் நல்லபடி முடிந்தது என்றுதான் சொல்வார்கள். என் மகன்கூட, "பாத்தியாம்மா, ஆப் கரெக்டா சொல்லித்து" என்றான்.

மறுநாள் காலை தாராவிப் பெண் வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, வேண்டுமென்றே உரக்கக் கேட்டாள்.

"ஐயா, இன்னைக்கு எத்தனை மணிக்கு?"

அவர் என் மகன் இருந்த பக்கம் கண்ணைக் காட்டினார். அவனிடம் கேள் என்று.

இப்போது மழைக்காலம் மறுபடி வந்துவிட்டது. சேனலில் தண்ணீர் இந்த வருஷம் இன்னும் தெளிவாக இருக்கிறது, அலைகூட அடிக்கிறது. காலண்டரில் கறுப்பு வட்டமும் வெள்ளை வட்டமும் வந்து வந்து போகின்றன. அவர் நாற்காலி சன்னல் பக்கம் இருக்கிறது. அந்த இடது கை எப்போதும் போர்வைக்குள் இருக்கிறது. தாகம் எடுத்தால்கூட அதை வெளியே எடுப்பதில்லை. டம்ளரை நானாகவே கொண்டுபோய் வாயருகில் வைக்கிறேன், குடிக்கிறார்.